மூன்றாவது டம்ளர்

அன்னாசிப்பழத்தைப் பிழிந்த உடனே வடிகட்டக் கூடாது. சற்று வைத்திருந்தால் நுரை மேலே வந்து நிற்கும். அப்புறம் மெல்லிய துணியில் விட வேண்டும். எலுமிச்சைச் சாறு, லவங்கப்பட்டை போட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு, மேலே கொஞ்சம் ஜாதிக்காய்ப் பொடி. இதில் எந்த ரம்மை ஊற்றினாலும் ஒன்றுதான் என்பார்கள் தெரியாதவர்கள்.

உட்காருங்கள் இன்ஸ்பெக்டர் ஸார். கொளவாய் ஏரிக்கரையில் சாராயம் காய்ச்சுகிற செங்கல்வராயனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவன் காய்ச்சுவது உண்மை. என் அண்ணன் ஞானதாசின் கண் போனது அவன் சரக்கால் அல்ல. அதைச் சொல்ல ரம்மிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அண்ணன் மகாபலிபுரத்துக் கடற்கரை பங்களாவில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வேலை பார்த்தான். துரைக்குப் பர்மிட் உண்டு; மதுவிலக்கெல்லாம் நமக்குத்தான். யுத்தத்தில் பசிபிக் தீவுகள் பக்கம் இருந்துவிட்டு, அந்தத் தீவுப் பைத்தியத்தோடு வந்து சேர்ந்தவர். வராந்தா முழுக்க மூங்கில் தட்டி, நாக்கை நீட்டிய மர முகங்கள். சாமி செதுக்குகிற கைகளைக் கூப்பிட்டு அவற்றைச் செதுக்க வைத்திருந்தார். சனிக்கிழமைதோறும் விருந்தாளிகள் வருவார்கள். ஒரே கலவையில் வேறு வேறு கடும் ரம் ஊற்றி, எது எடுபடுகிறது என்று வாதாடுவார்கள். கலக்கிக் கொடுப்பது அண்ணன். பூப்போட்ட சட்டையும் தலையில் ஓலைக் கிரீடமுமாக அவனை நிறுத்தியிருந்தார்கள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஒருமுறை போதும்.

கடும் ரம் என்றால் தீக்குச்சி காட்டினால் பற்றிக்கொள்ளும். அதில் டெமராரா என்கிற ரகம் கறுப்பு. அடிபிடித்த வெல்லப்பாகின் வாசனை. சாற்றுக்கு அடியில் பதுங்கிக் கடைசியில்தான் தலைகாட்டும். ஜமைக்கா ரகம், கனிந்து வெடித்த பலாப்பழம் மாதிரி. டம்ளர் வாய்க்கு வருமுன் மூக்குக்கு வந்துவிடும். அன்னாசி மிகுந்த கலவைக்கு ஜமைக்கா, எலுமிச்சை தூக்கலான கலவைக்கு டெமராரா. இது என் முடிவு. நான் பி.எஸ்ஸி., ரசாயனம். எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அண்ணன் பஸ்ஸில் செங்கல்பட்டுக்கு வருவான். இருமல் மருந்துப் புட்டிகளில் இரண்டு ரம்மிலும் மிச்சம் ஒளித்துக் கொண்டுவருவான். நான் அடுக்களையில் கலந்து, விரல்நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பேன். எந்த டம்ளரில் எது என்று அவன் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் விளையாட்டு.

"இன்னா டீச்சரம்மா, எலுமிச்ச ஜாஸ்தியா வுட்டுகீற?"

"உனக்கு நாக்கு செத்துப்போச்சு அண்ணாத்த."

"என் நாக்கா? தொர நாக்குதான் செத்துப்பூட்சி. பச்சத் தண்ணி குடுத்தாகூட ஜமைக்கான்னு தலையாட்டிகினு கீறான்."

சிரிப்போம். நானும் சிரித்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் ஐந்தாம் வகுப்போடு நின்று மூட்டை தூக்கித்தான் நான் படித்தேன். ஊரே இதைச் சொல்லும். அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தான். அந்தப் பூச்சட்டைதான். நிற்க முடியவில்லை. என் மாணவிகளைப் பிடித்து நிறுத்தி, "எங்க மார்கரெட்டு எப்பிடிக் கலக்குவா தெரியுமா, தொர பங்களாலகூட அப்பிடி வராது" என்றான். பெருமையாகத்தான் சொன்னான்.

தலைமையாசிரியை பெருந்தேவியம்மாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "உன்னைப் பர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதலாம்னு இருந்தேன். என்னதான் படிச்சாலும் உங்க ஜனங்களுக்கு இதெல்லாம் போறதில்லை போலிருக்கு."

அவரிடம் கோபப்பட எனக்குக் கட்டுப்படியாகாது. அண்ணனிடம் கோபப்படலாம். அவன் என்னை விட்டு எங்கே போவான்?

கெஞ்சிப் பார்த்தேன். வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான். மூன்றாம் நாள் மறந்தான். பிறகு நிதானமாக யோசித்தேன். துரை அவனைத் தானாக அனுப்பிவிட வேண்டும். சாராயம் விற்கிற ஏரிக்கரைக் குடிசைக்கு அவனுக்கு வழி தெரியக் கூடாது. இரண்டுக்கும் ஒரே மருந்து பள்ளிக்கூட ரசாயன அலமாரியில் இருந்தது. மெதனால் என்கிற மர ஸ்பிரிட் முதலில் கண்ணைத்தான் எடுக்கும் என்பது என்னோடு படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். உயிருக்கு ஆபத்து வராதபடி அளந்துதான் ஊற்றினேன். உயிர் போகவில்லை, பார்த்தீர்களல்லவா?

அந்த ஞாயிறு மூன்று டம்ளர் வைத்தேன். முதல் இரண்டையும் சரியாகச் சொன்னான். மூன்றாவதை ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"இது ரெண்டும் இல்ல. இன்னாவோ மொட்டையா கீது."

"பிடிக்கலன்னா வெச்சிடு."

"நீ கலக்கினத யாரு பிடிக்கலன்னது? குடு இப்பிடி."

வைத்துவிடு என்று நான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் காப்பி டம்ளரை நீட்டினேன். அவன் கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. அப்புறம் என் முகத்தைத் தேடித் தடவி, இமையைத் தொட்டான்.

"மார்கரெட்டு, நேத்து அந்த மூணாவது டம்ளர நீயும் தொட்டு நாக்குல வெச்சியா?"

"இல்லை."

"நெசமா சொல்லு. உனக்கு வெளிச்சம் தெரியுதா?"

"தெரியுது அண்ணாத்த."

அப்போதுதான் அழுதான். தன் கண்ணுக்காக இல்லை ஸார். நிம்மதியில் அழுதான்.

செங்கல்வராயன் பேரை உங்களிடம் சொன்னது அவன்தான். "வூட்டுல குடிச்சேன்னு சொன்னா உன் வேல பூடும், நீ கம்முனு இரு" என்றான். நானும் கம்மென்று இருந்திருக்கலாம். ஆனால் செய்யாத குற்றத்துக்கு ஒருத்தனை ஜெயிலில் போடுவது நியாயமில்லை. நான் நியாயம் பார்க்கிறவள்.

பெருந்தேவியம்மாள் இப்போது என்னிடம் பரிவாகப் பேசுகிறார். அண்ணன் சுத்தமான வேட்டி கட்டி, நான் உட்கார்த்திய இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் சத்தம் கேட்டால் முகத்தைத் திருப்புகிறான், ஆனால் நான் நிற்கிற வாசல் பக்கம் அல்ல, ஜன்னல் பக்கம் திருப்புகிறான். அந்த ஒன்றை மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை.

எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன். ஒரே ஒரு உபகாரம் செய்யுங்கள். அண்ணனிடம் இதைச் சொல்லாதீர்கள். தெரிந்தால் மனம் விட்டுப்போய் மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிடுவான். இவ்வளவு பாடுபட்டு அவனை நல்லபடியாக ஆக்கி வைத்திருக்கிறேன்.