வெட்டாத துரும்பு

ஹலோ... ஹலோ... மானிப்பாய்த் தபால் கந்தோரோ? ... மீனாம்பிகையக்காவோ? ... நான் தங்கமுத்து, கொழும்புத்துறைத் தபால் கந்தோரிலையிருந்து. ... ஓம், ஓம், நான்தான். ... குரல் மாறியே கிடக்கு? ... இல்லை, தடிமன் இல்லை. ... அழவும் இல்லை அக்கா, நான் ஏன் அழுறன். வெண்டிட்டன். ... ஓம், வெண்டிட்டன். நேற்று. அத்தானை. ... உங்கை சனம் நிக்குதோ? ... அப்ப சனத்தை அனுப்பிப்போட்டு வாங்கோ, நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். இண்டைக்கு ரெலிபோன் எக்ஸ்சேஞ்சுப் பிள்ளை கேட்ட உடனை லைன் தந்திட்டுது. கேட்டுக்கொண்டுதான் இருக்கும். கேக்கட்டும்.

... வந்திட்டியளே? ... இல்லை, நான் முதலிலையிருந்து சொல்லுறன், குறுக்கை கதையாதேங்கோ. எட்டு மாசம் அக்கா. எட்டு மாசமா ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் அத்தான்ரை விறாந்தையிலை கடதாசி விளையாட்டு, முந்நூற்றிநாலு. அத்தானும் பத்மாவதியக்காவும் ஒரு சோடி. நானும் என்ரை மனிசனும் ஒரு சோடி. ... ஓம், அத்தானெண்டால் இவற்றை, என்ரை மனிசன்ரை, தமையன், ஆழ்வாப்பிள்ளை, மூண்டு வள்ளம் வைச்சிருக்கிறவர். பத்மாவதியக்கா அவற்றை பெண்சாதி. இவர் தமையன்ரை வள்ளங்களுக்குத்தான் எஞ்சின் பாக்கிறவர். ... எத்தினை ஞாயிறு வெண்டனாங்களோ? ... ஒண்டும் இல்லை. அதைத்தானே சொல்ல வாறன்.

அந்த வீட்டிலை தோத்தவைக்கு என்ன செய்யிறவை தெரியுமோ? ... காசோ? காசெண்டால் எறிஞ்சுபோட்டு வந்திருப்பன். ஓலைத்தோடு. பனையோலையை வளையமாச் சுத்தி ரெண்டு காதிலையும் கொழுவிக்கொண்டு சந்திக்கடை மட்டும் நடந்து போட்டு வரவேணும். ... சிரியாதேங்கோ அக்கா. அந்தக் கடையடியிலை பாணுக்குக் கியூவிலை நிக்கிற சனம் எவ்வளவு. திங்கட்கிழமை அதே சனம்தான் என்ரை கவுண்டருக்கு முன்னாலை வந்து நிக்கும். "என்னம்மா, இண்டைக்குக் காது வெறுமையாக் கிடக்கு" எண்டு கேட்டது ஒண்டு. ... ஆரெண்டால் என்ன. அதின்ரை தந்தியை நான் ஆகக் கடைசியாத்தான் அடிச்சனான்.

... ஓம், ஓம், அது பிழைதான். ... சரி, பிழையெண்டு சொல்லுறன்தானே.

அத்தான் ஒவ்வொரு முறையும் சீட்டைக் குலைச்சுக்கொண்டு சொல்லுவார், "பிள்ளை, உனக்கு உது சரிவராது, நீ போய் அக்காவுக்குத் தேங்காய் திருவிக் குடு." இவரும் சேந்து சிரிப்பார். காதிலை தோட்டோடை இருந்து சிரிப்பார்.

... இல்லையக்கா, நீங்கள் சொல்லித் தந்தது ஒண்டும் வீண் போகேல்லை. முதல் ரெண்டு மாசம் நான் மொக்குத்தான், ஒத்துக்கொள்ளுறன். கையிலை ஆகப் பெரிய கடதாசி ஜாக் வந்தால் அதை மாத்திரம் புறம்பா ஒதுக்கிப் பிடிச்சுக்கொண்டிருப்பன், முழுப்பேருக்கும் தெரிஞ்சுபோம். ஆசைக்குத் துரும்பு கேக்காதை எண்டியள், விட்டிட்டன். விழுந்த துரும்புச் சீட்டை எண்ணு எண்டியள். எண்ணினன். தபால் பை பிரிக்கேக்கையும் வாய் எண்ணிக்கொண்டு கிடந்தது. மத்தியானத்திலை கந்தோரிலை சனமில்லாத நேரம், நாலு கைக்கும் நானே போட்டு, நாலு பேருக்கும் நானே ஆடினன். நாலு கையிலையும் நான் வெல்லுவன். அத்தான் வீட்டை போனால் தோப்பன். ஏன் தோக்கிறன் எண்டு எனக்கு விளங்கேல்லை.

... ஓம். எண்ணினபடியால்தான் பிடிச்சன். ... ஆரையோ? பொறுங்கோ.

முந்தின ஞாயிறு. துரும்பு நான் கேட்டது, கறுப்பு ஸ்கோப்பன். அத்தான் சிவப்பு ஆடுதன் ஜாக்கைத் தூக்கிப் போடுறார். இவற்றை கையிலை ஆடுதன் இல்லை. துரும்பு இருந்தால் ஜாக்கையும் வெட்டிப் பிடியை எடுக்கலாம். வெட்டேல்லை. ஒண்டுக்கும் உதவாத ஏழாங் கடதாசியைப் போட்டார். சரி, கையிலை துரும்பு இல்லையாக்கும் எண்டு நானும் விட்டிட்டன். ஆனால் எண்ணிக்கொண்டு வாறன்தானே. எட்டுத் துரும்பிலை ஏழு விழுந்திட்டுது. எட்டாவது எங்கை? ... ஓம். ... ஓம் அக்கா. கடைசிப் பிடியிலை இவற்றை கையிலையிருந்துதான் விழுகுது. ஸ்கோப்பன் ராணி.

... இல்லை, மறதி இல்லை. நானும் அப்பிடித்தான் நினைக்கப் பாத்தன். வீட்டை வந்து கேட்டன். சைக்கிளைச் சுவரோடை சாத்திப்போட்டு மெல்லமாச் சொல்லுறார், "அண்ணையின்ரை ஜாக்கை நான் எப்பிடியப்பா வெட்டிறது?"

... கேட்டியளே.

... ஒருக்காலோ? எட்டு மாசமும். பத்மாவதியக்கா போட்டால் வெட்டுவாராம். அண்ணை போட்டால் கை போகாதாம். தேப்பன் மாதிரி வளத்து விட்டவராம். அவர் போட்ட கடதாசிக்கு மேலை தான் கை வைக்கிறது மரியாதை இல்லையாம். ... என்ரை மரியாதையோ? அதைத்தான் நானும் கேட்டன். சைக்கிளைத் துடைக்கத் தொடங்கிட்டார்.

நான் மொக்கு எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன் அக்கா. எட்டு மாசம். எனக்கு மண்டைக்குள்ளை ஏதோ குறை எண்டு. நான் மொக்கில்லை.

... கடதாசி விளையாட்டுத்தானே எண்டு நீங்கள் சொல்லுவியள். கடதாசியிலை மட்டுமே? என்ரை சீதன வளவுக்குள்ளாலை அத்தான் வள்ளம் இழுக்கப் பாதை எடுத்தவர். இவர் வாய் திறக்கேல்லை. பிள்ளைக்கு நான் ஆசைப்பட்டு வைச்ச பேரை அத்தான் வேண்டாமெண்டு மாத்தினவர். இவர் வாய் திறக்கேல்லை. கலியாணம் கட்டிப் பன்ரண்டு வருசம். இவர் ஒரு முறை தன்னும் அந்த மனிசனுக்கு முன்னாலை எனக்காக ஒரு சொல்லுச் சொன்னவரோ எண்டு கேளுங்கோ. ... ஓம். ... ஓம், அதுதான். அந்த ஆடுதன் ஜாக் விழேக்கை எனக்கு அவ்வளவும் சேத்து விளங்கிச்சுது.

சொல்லிப்போட்டன். முகத்துக்கு நேரை. வாற ஞாயிறு அண்ணை ஜாக்கைப் போட்டு, உங்கடை கையிலை துரும்பு இருந்து, வெட்டாமல் விட்டியளோ, பிறகு உங்களுக்கு அண்ணை மட்டுந்தான் எண்டு. ... கால் கழுவக் கிணத்தடிக்குப் போனவர்.

நேற்றுக் காலமை நான் நிண்டு பச்சை ஓலையாப் பாத்து வெட்டுவிச்சன். பெரிசாச் சுத்தினன். அத்தான்ரை காது பெரிய காது.

... ஹலோ? ஹலோ... ஆர் அது? ... எக்ஸ்சேஞ்சோ? ... பிள்ளை, கதைச்சுக்கொண்டிருக்கிறம். ... உத்தியோக விசயம்தான். ... ஓம் பிள்ளை, காசுக்கட்டளை ஒண்டு பற்றி. ... சரி, ஐஞ்சு நிமிசம். ... மீனாம்பிகையக்கா, நிக்கிறியளோ? ... ஓம்.

கடைசி ஆட்டம். அதிலையும் துரும்பு நான்தான் கேட்டது, திரும்பவும் ஸ்கோப்பன். அந்த ஒரு பிடி எங்களுக்கு வந்தால் வெற்றி, விட்டால் தோல்வி. அத்தானுக்கும் அது தெரியும். ஆடுதன் ஜாக்கை எடுத்து மேசையிலை அடிச்சார் பாருங்கோ, தேத்தண்ணிக் கோப்பை துள்ளிச்சுது. அடிச்சுப்போட்டு இவரைப் பாக்கேல்லை, என்னைப் பாத்தார். ... பாத்துக்கொண்டுதான் இருந்தன், நான் ஏன் குனியிறன்.

இவற்றை முறை. ஆடுதன் இல்லை, அது எனக்கு எண்ணத் தெரியும். துரும்பு ரெண்டு இருக்கு, அதுவும் தெரியும். இவர் கடதாசியளைப் பாக்கிறார். தமையனைப் பாக்கிறார். திரும்பக் கடதாசியைப் பாக்கிறார். பத்மாவதியக்கா நிலத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறா, அவவுக்கு முதலே எல்லாம் தெரியும் போலை. ... இருங்கோ, சொல்லுறன். ... ஓம். வெட்டினார்.

வெட்டினார் அக்கா. சின்னத் துரும்பு ஒண்டு போதும், இவர் ஜாக்குக்கு அடுத்த பெரிய கடதாசி ஒன்பதைத் தூக்கிப் போட்டார். கடதாசி மேசையிலை நேரை விழேல்லை.

... அத்தானோ? சிரிக்கப் பாத்தார், வரேல்லை. நான் எழும்பி, பத்மாவதியக்காவுக்குச் சுத்தினதைப் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு, அத்தான்ரை தோட்டை மட்டும் எடுத்துக் குடுத்தன். கையிலை வேண்டினார். போட்டார். சந்திக்கடை மட்டும் நடந்தார். நான் வாசல் படலையிலை நிண்டு பாத்தன், வளைவு திரும்பும் மட்டும் பாத்தன். பாண் கியூவிலை நிண்டது முழுக்கத் திரும்பிப் பாத்துது. எட்டு மாசத்தையும் நான் அந்தப் படலையிலை நிண்டு திருப்பி வேண்டிப்போட்டன்.

... இவரோ? வீட்டை வந்து கதிரையிலை இருந்தவர்தான். சாப்பிடேல்லை. கூப்பிட்டன், பசிக்கேல்லையாம். ... நானோ? நான் சாப்பிட்டன். சோறு போட்டு, மீன் குழம்பு விட்டு, ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டன். ... பாவமோ? ஆர் பாவம்? எனக்குப் பாவமாயில்லை. பன்ரண்டு வருசத்துக்கு ஒருநாள் பசி கிடந்தால் செத்துப் போகமாட்டார். காலமை தேத்தண்ணியும் குடியாமல் எஞ்சின் ஒண்டு பாக்கவேணுமெண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பின்னேரம் சரியாவார். வெட்டிப் பழகினால் கை பழகும்.

... ஓம், எனக்காகத்தான். எனக்காக வெட்டினவர். அதை நான் மறக்கமாட்டன் அக்கா, பகிடிக்குச் சொல்லேல்லை. காலமை கந்தோருக்கு வரேக்கை எனக்கு நடக்கிறமாதிரியே இல்லை...

அக்கா, கொஞ்சம் பொறுங்கோ. ... இல்லை, வைக்காதேங்கோ. அத்தான் வாறார். ... ஓம், இஞ்சை, கந்தோருக்கு. படியேறுறார். ... நீங்கள் பேசாமல் இருங்கோ.

வாங்கோ அத்தான். ... ஓம், உத்தியோகமாக் கதைச்சுக்கொண்டிருக்கிறன். உங்களுக்கு என்ன வேணும்? ... முத்திரை ரெண்டு. இந்தாங்கோ. ... நேற்றையானோ? அது விளையாட்டுத்தானே, நான் ஏன் கோவிக்கிறன். உங்களுக்குத்தான் கோவமாக்குமெண்டு நினைச்சன். ... இல்லையோ? ... ஏன் சிரிக்கிறியள்? ... ஆர்? ... இவரோ? ... எப்ப வந்தவர்?

... விடியவோ.

... உங்கடை விறாந்தைக்கோ. ... ஓலைத்தோட்டோடையோ? ... நீங்கள் போடச் சொன்னியளோ? ... தானாவோ. ... தானாப் போட்டுக்கொண்டு வந்து நிண்டவர். ... ஓம். ... என்ன சொன்னவர்? ... ம். ... காலிலை விழுந்தவர். ... பத்மாவதியக்காவும் பாத்துக்கொண்டு நிண்டவவோ. ... நான் வெருட்டினபடியால் வெட்டினதாமோ. ... அப்பிடியே சொன்னவர். "அவள் வெருட்டினபடியால்" எண்டு. ... இனி வெட்டமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினவரோ. ... ஓம். ... ஓம். ... நல்ல தம்பிதான் அத்தான், ஆர் இல்லையெண்டது. ... வாற ஞாயிறோ? ... வருவம். ஏன் வராமல்? ரெண்டு பேரும் வருவம். ... முத்திரையை விட்டிட்டுப் போறியள். ... ஓம், போட்டு வாங்கோ.

...

... கேக்குது அக்கா. ... ஓம், நிக்கிறன். ... கேட்டியள்தானே, பிறகு நான் என்னத்தைச் சொல்லுறது. ... இல்லை. ... இல்லை, இருக்கத் தேவையில்லை, கதிரையிலைதான் இருக்கிறன். ... சொல்லாதேங்கோ. தமையன் தம்பிக்குள்ளை உள்ளது எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. எஞ்சின் பாக்கப் போறன் எண்டு எனக்குச் சொல்லிப்போட்டுப் போனவர். என்ரை கையாலை சுத்தின தோட்டைக் கொண்டு போயிருக்கிறார்.

... அக்கா, ஒண்டு கேக்கிறன். சோடி இல்லாமல் ஆடிற விளையாட்டு ஏதும் இருக்கோ? ... இல்லை, தனிய இருந்து அடுக்கிறது வேண்டாம். எதிரிலை ஆள் வேணும். ஆனால் எனக்கெண்டு சோடி ஒருத்தரும் வேண்டாம். ... ஆர், உங்கடை தம்பி தேவராசாவோ? கப்பலாலை வந்து நிக்கிறவரோ? ... கப்பலிலை என்ன ஆடிறவை? ... போக்கரோ. பேர் கேள்விப்பட்டிருக்கிறன். ... சொல்லுங்கோ. ... ஆளுக்கு ஐஞ்சு கடதாசி. ... ஓம். ... அவரவர் தனக்குத்தானோ? ஒருத்தருக்கும் ஒருத்தரும் துணையில்லையோ? ... நல்லது. ... காசில்லாமலும் ஆடலாமோ? ... புளியங்கொட்டை காணும், இஞ்சை வேண்டியமட்டும் கிடக்கு. ... கையிலை ஒண்டும் இல்லாமலும் வெல்லலாமோ? எப்பிடி? ... முகத்தை ஒரே மாதிரி வைச்சிருந்தாலோ. ... மற்றவன் பயந்து விட்டிட்டுப் போவானோ. ... அது எனக்கு இப்ப வரும் அக்கா. போன கிழமையெண்டால் வந்திராது.

தேவராசாவைக் கந்தோருக்கு வரச் சொல்லுங்கோ. இண்டைக்கே. ... ஓம், தொடக்கத்திலையிருந்து பழக்கட்டும், அ ஆ எண்டு தொடங்கட்டும். ஞாயிறுக்கு இன்னும் ஆறு நாள் கிடக்கு. ... இல்லை அக்கா. வீட்டிலை ஒண்டும் சொல்லமாட்டன். பின்னேரம் வருவார், தேத்தண்ணி வைச்சுக் குடுப்பன், எஞ்சின் சரியோ எண்டு கேப்பன்.

... ஹலோ? ... ஓம் பிள்ளை, முடிஞ்சுது, வைக்கப் போறன். ... அக்கா, லைன் வேணுமாம். ... என்ன? ... அத்தானை வெல்லவோ? ... இல்லை. அத்தான் பிறகு. அவர் எனக்கு எதிராலை இருந்து ஆடினவர், அவரிலை எனக்கு என்ன கோவம்.

முதலிலை இவர். வைக்கிறன்.