தொண்ணூத்தாறு

இல்லண்ணா, கேம் எல்லாம் ஆடல. புள்ளய உள்ள வெச்சுட்டு இவன் என்னாத்துக்கு காலையில இருந்து போனையே நோண்டிக்கினு இருக்குறான்னு தான பாத்தீங்க? பரவால்ல, யாரா இருந்தாலும் அப்படி தான் நெனப்பாங்க. கிட்ட வாங்க. இதோ கட்டம் கட்டமா இருக்குது பாருங்க. ஒவ்வொரு கட்டமும் உள்ள ஒரு பொட்டி. கொறமாசத்து புள்ளைங்கள வெச்சு சூடு குடுக்குறாங்களே, அந்த கண்ணாடிப் பொட்டி. நம்ம ரெண்டு பேர் புள்ளையும் இதுல வருது.

என் போன்ல எப்படி வருதுன்றீங்களா? இந்த ஆஸ்பத்திரிக்கு இத செஞ்சு குடுத்ததே நான் தாண்ணா. குமரகுரு என் பேரு. வீடு பிள்ளையார்பாளையம். கம்பெனி சென்னையில, ஆனா வீட்ல இருந்தே வேல. ஒரு ரூம்ல அப்பா தறி ஓட்டுவாரு, பக்கத்து ரூம்ல நான் இத தட்டிக்கினு இருப்பேன். ஏதாச்சும் கோளாறு வந்தா பாக்கணும்னு என் போன்லயும் போட்டு வெச்சிருக்குது. வெளியாளுக்கு காட்டக் கூடாது தான். டாக்டராண்ட சொல்லிடாதீங்க. தாமல்ல இருந்து பஸ் புடிச்சு வந்து, அந்த கதவையே மொறச்சுக்கினு உக்காந்திருக்கீங்க, எனக்கு மனசு கேக்கல.

உங்க வீட்டுக்காரம்மா பேர் சொல்லுங்க. இளவரசியா? இதோ, இளவரசி பேபி. உள்ள புள்ளைங்களுக்கு பேர் கெடையாது, அம்மா பேர் தான். தொண்ணூத்தி ரெண்டு. ஐயோ, பயப்படாதீங்க. இப்ப பாருங்க, தொண்ணூத்தி நாலு. திரும்ப மூணு. ரத்தத்துல பிராணவாயு எவ்ளோ இருக்குதுன்றத காட்டுது. அது ஆடணும்ணா. மூச்சு வுடற புள்ளைக்கு ஒரே எடத்துல நிக்காது. கால ஒதச்சா எறங்கும், தூங்குனா ஏறும். உங்களது நல்லா ஆடுது. நல்லா இருக்குறா.

அதெப்படி அப்பைக்கப்ப வருதுன்னா, அதான்ணா என் வேலையே. முன்ன எல்லாம் கட்டம் போட்டு தான் டேட்டா வெப்பாங்க. பேருக்கு ஒரு கட்டம், வயசுக்கு ஒரு கட்டம். கட்டத்துல அடங்காதது வந்தா உள்ள வுடாது. ரேஷன் கார்டுக்கு அது போதும். இங்க ஆவுமா? ஒரு மிஷினு சூடு எவ்ளோன்னு சொல்லும், ஒண்ணு நாடித்துடிப்ப சொல்லும், மருந்து ஏத்துறது வேற என்னாத்தயோ சொல்லும். ஒவ்வொண்ணும் ஒரு கம்பெனி, ஒரு பாஷ. கண்ண மூடி தெறக்குறதுக்குள்ள வந்து கொட்டிடும். அதுக்கு தான் நோஎஸ்க்யூஎல்னு ஒரு டேட்டாபேஸு. நம்ம ஏகாம்பரநாதர் கோயில் உண்டியல் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். நோட்டு போடு, சில்லற போடு, மோதரத்த கழட்டி போடு, ஏன் எதுக்குன்னு கேக்காது, வாங்கிக்கும். எந்த புள்ளையோடதுன்னு மட்டும் ஒரு சீட்டு ஒட்டி உள்ள தள்ளிடும். புவனா கூட அந்த கோயிலுக்கு தான் வேண்டிக்கினு இருக்குறா, புள்ளய கையில வாங்கிக்கினு போனா வெள்ளித் தொட்டில் போடறதா. புவனா என் வீட்டுக்காரி.

ஆனா ஒரு ரோதன இருந்துச்சு. வைஃபை நடுவுல வுட்டு வுட்டு போவும். புள்ள கால ஒதறுனா, கால்ல மாட்டியிருக்குற கிளிப்பு நவுந்துடும். அந்த நேரம் கட்டம் காலியாயிடும். காலியா பாத்தா டாக்டருங்களுக்கு தூக்கிவாரிப்போடும், எனக்கு போன் மேல போன். உள்ள பெட்டாண்ட இருக்குற மிஷினு வேற, அது நர்ஸுங்களுக்கு. இது போன்ல பாக்குறவங்களுக்கு. எங்க வீட்டு தறியில ஒரு இழ அறுந்துச்சுன்னு வைங்க, அப்பா அத அப்படியே வுட்டுட்டு மேல நெய்ய மாட்டாரு. பொடவையில கோடு வுழுந்துடும். அறுந்த நுனிய புடிச்சு முடி போட்டு தான் அடுத்த ஊட நூல தள்ளுவாரு. அத பாத்தே வளந்தவன்ணா நானு. எடவெளி வுடறதுன்னாலே எனக்கு உடம்பு கூசும். அதனால புதுசு வர்ற வரைக்கும் கடைசியா வந்த நம்பரையே கட்டத்துல புடிச்சு நிறுத்துன்னு புரோகிராம்ல எழுதிட்டேன். டாக்டருங்க கை குடுத்தாங்க. அப்பாவாண்ட சொன்னேன், அட, நம்ம வேல தான்டான்னு சிரிச்சாரு.

எங்களதுங்களா? இதோ, உங்களுக்கு பக்கத்து கட்டம் தான். புவனேஸ்வரி பேபி. தொண்ணூத்தாறு. எங்களதும் பொண்ணு தான். ஆமாண்ணா, நல்ல நம்பரு தான். எங்கம்மா மேல வார்டுல புவனாகூட இருக்குறாங்க. பெத்ததுல இருந்து புவனாவுக்கு பச்சத்தண்ணி பல்லுல படல. மத்தியானம் அம்மாவாண்ட தொண்ணூத்தாறுன்னு சொன்னேன். அத கேட்டுட்டு எழுந்து உக்காந்து ரசஞ்சோறு சாப்டாளாம்.

உங்களத பாருங்க, மூணு, நாலு, இப்ப ரெண்டு. அந்த கடைசி பொட்டி நம்பர் கூட ஆடுது. வைஃபை எல்லாம் நல்லா தான் இருக்குது.

என்னண்ணா? ஆமா, எங்களது ஆடல தான். நீங்க வந்து உக்காந்ததுல இருந்து தொண்ணூத்தாறு தான். அதுக்கு முன்னயும் தொண்ணூத்தாறு தான். கிளிப்பு நவுந்தா உடனே மாட்டிடுவாங்க, இவ்ளோ நேரம் ஆவாது. வேற மிஷினுக்கு மாத்துனா அதுலயும் இதே பேர்ல நம்பர் வரும். எல்லாத்தையும் கழட்டிட்டா தாண்ணா இப்படி நிக்கும்.

கடைசி நம்பர் எப்ப வந்துச்சுன்னு உள்ள இருக்குது. இதோ, இந்த எடத்துல ஒரு தட்டு தட்டுனா காட்டிடும். நான் செஞ்சது தான, எனக்கு தெரியாதா? கை வர மாட்டேங்குதுண்ணா. கதவாண்ட பெல்லு இருக்குது, அதையும் அமுக்கல. எங்க எழுந்திரிக்கிறீங்க? உக்காருங்கண்ணா. உங்க கால்ல வுழறேன், போய் கேக்காதீங்க. அவங்களா கதவ தெறந்து கூப்புடட்டும். அது வரைக்கும் எனக்கு தொண்ணூத்தாறு தான?

இருங்க, போன் அடிக்குது. எங்கம்மா தான்.

சொல்லும்மா. பாத்துக்கினு தாம்மா இருக்குறேன். தொண்ணூத்தாறு தாம்மா. ஆமா, கொறையவே இல்ல. அவள படுக்க சொல்லு.