கைடில் இல்லாத வாக்கியம்

“நாப்பது பேர்ல ஒருத்தி மட்டும்தான் கைடைப் பார்க்காம எழுதியிருக்கா. அவமேலதான் எனக்குச் சந்தேகம்.”

திண்டிவனத்தில் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த ஆங்கில ஆசிரியை சொன்னார். மடியில் விடைத்தாள் கட்டு இருந்தது. பக்கத்தில் இருந்த இளம் ஆசிரியை மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன கேள்விக்கா?”

“ஹைப்பர்போல். நம்ம உயர்வு நவிற்சிதான், இருக்கறத பெருசாக்கிச் சொல்றது. சொந்தமா ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். முப்பத்தொம்பது பேரும் கைடுல இருக்கற மாதிரி, குதிரையையே தின்னுற அளவுக்குப் பசின்னு எழுதி வச்சிருக்காங்க. இவ மட்டும், எங்கப்பாவைப் பார்த்து ஆயிரம் நாள் ஆச்சுன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கா.”

“நல்லாத்தானே இருக்கு?”

“அதான் இடிக்குது. கடைசி பெஞ்சு. இவளுக்கு எப்படி வரும்? செல்லுல பார்த்திருப்பா.”

“கேட்டீங்களா?”

“எங்கருந்து சுட்டேன்னு மெரட்டியே பார்த்துட்டேன். அவ அப்பா துபாய்ல வேலையாம். அவர் கெளம்புன நாள்லருந்து காலண்டர்ல கோடு போட்டுக்கினு வர்றாளாம்.”

“அப்ப ஆயிரம் நாள்னு எழுதினது நெஜமா?”

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. ஆசிரியை கட்டுக்குள் அந்தத் தாளைத் தேடிக்கொண்டே சொன்னார்.

“இல்ல. ஆயிரத்து நூத்தி அறுபது. அதை எழுதினா நீங்க நம்ப மாட்டீங்கன்னு கொறைச்சு எழுதினேன் மிஸ்னு சொன்னா.”