பின்னாடி வர்ற ஆளு

பலராமன்: மரத்தடியில ஏன்யா நிக்கற, தேவதாசு? உள்ள வா. நீ யாருன்னு தெருவுக்கே தெரியும்.

தேவதாஸ்: மெதுவாப் பேசு பலராமா... மப்டியில இருக்கேன்.

பலராமன்: நல்ல மப்டி. மேல வேட்டி, கீழ போலீஸ் பூட்ஸ். முதலியார்பேட்டையே சிரிக்குது.

தேவதாஸ்: செருப்பு அறுந்துபோச்சுய்யா...

பலராமன்: பிரெஞ்சுக்காரன் காலத்துலயும் நீதான் என் பின்னாடி. அவன் கப்பலேறிட்டான், சி.ஐ.டி.ன்னு பேர மாத்தினாங்க, இப்பவும் நீதான். என் பொண்டாட்டிகூட என்னை இவ்ளோ நேரம் பார்த்ததில்ல.

தேவதாஸ்: அந்தம்மா குடுத்துவெச்சவங்க.

பலராமன்: இருமல் இன்னும் நிக்கலியா? இந்தா, சுக்குக் காப்பி.

தேவதாஸ்: குடு... பலராமா, என்னை மாத்திட்டாங்க. மாஹேவுக்கு.

பலராமன்: மாஹேவா? அது மலையாளத்து ஊராச்சே! வீட்ல மாசமா இருக்கறப்ப...

தேவதாஸ்: அவளையும் கூட்டிக்கிட்டுத்தான் போவணும்.

பலராமன்: அப்படி என்ன தப்பு பண்ண?

தேவதாஸ்: நீயும் மில் ஆளுங்களும் எங்க கூடி ஸ்ட்ரைக் பேசறீங்கன்னு பெரியவரு கேட்டாரு. இந்த மழக்காலம் பூரா கூட்டமே நடக்கலன்னு சொன்னேன். ஒரு சேதியும் கொண்டாராதவன் இங்க எதுக்குன்னுட்டாரு. என்னய்யா, தரையப் பார்க்கற?

பலராமன்: கூட்டம் நடந்துச்சு தேவதாசு. உனக்குத் தெரியாம நடத்தினேன்.

தேவதாஸ்: எனக்குத் தெரியாமயா... ஏன்?

பலராமன்: அன்னிக்குக் கொட்டற மழயில வெளிய நின்னு இருமிக்கிட்டு இருந்தியே... உள்ள எனக்குப் பேச்சே வரல. நீ பேசாம வீட்ல படுத்துக் கிடப்பியேன்னு இடத்த மாத்தினேன். கடசில உன் வேலைக்கே வெச்சிட்டேன் வினை.

தேவதாஸ்: விடுய்யா.

பலராமன்: எப்படி விடறது? நாளைக்கே கூட்டம் போடறேன். போய்ச் சொல்லு. என்னைப் புடிச்சு உள்ள போட்டாலும் சரி, நீ இங்கயே இரு.

தேவதாஸ்: வேணாம். நாளைலேர்ந்து உன் பின்னாடி வேற ஆளு. கெட்டிக்காரன், குடையும் வெச்சிருக்கான். அதச் சொல்லத்தான் வந்தேன்... உப்பளத்துல அம்மாவாசை வீட்டு மாட்டுக்கொட்டாய்ல இனிமே கூடாதீங்க. போன வாரம் நீ நல்லாத்தான் பேசின... நான் நனையலய்யா, பின்பக்கம் தாழ்வாரம் இருக்கு.