கால் முதலில் பிறந்தவன்

என் கழுத்து அளவுக்குச் சட்டை திண்டிவனத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது. முப்பத்து நான்கு வயது வரை மேல் பட்டனைப் போடாமலே காலம் தள்ளிவிட்டேன். மாவட்ட விளையாட்டு விழா மலருக்கு நீங்கள் கேட்ட போட்டோவை அனுப்பியிருக்கிறேன், சீனுவாசன் சார். அதிலும் பட்டன் திறந்துதான் இருக்கும், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"ஒரு ரக்பி வீரரோட வாழ்க்கைன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடு தாண்டவராயா, விழுப்புரம் மாவட்டத்துல உன்ன வுட்டா வேற யாரு இருக்கா" என்று சொன்னீர்கள். இன்னொருவன் இருந்தான். அதனால்தான் இது இரண்டு பக்கத்தைத் தாண்டிப் போகிறது.

அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்தேன். தலைக்குப் பதிலாகக் கால்தான் முதலில் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவன் உதைத்தால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தெரியாமல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கும்பிடுகிற ஊரில் என் காலுக்கு மட்டும் விலக்கு. 1993இல் எனக்குப் பதின்மூன்று வயது. கண்டாச்சிபுரத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து, பெரிய மனிதர்கள் என் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். உதைத்தேன். பலருக்குச் சரியானது. எப்படி என்று எனக்குத் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை.

பதினேழு வயதில் திண்டிவனத்து மல்லாட்டை மண்டிக்கு வேர்க்கடலை மூட்டை தூக்க வந்தேன். சென்னையில் ஒரு கம்பெனி ரக்பி அணி வைத்திருந்தது. கனத்த ஆட்களைத் தேடிக்கொண்டு அவர்கள் மண்டிக்கே வந்தார்கள். முதலில் என்னை எடுத்தார்கள், இரண்டு வருஷம் கழித்து அலெக்ஸை எடுத்தார்கள். அலெக்ஸ் திண்டிவனத்துக்காரன், என்னைவிட மூன்று வயது சின்னவன். அப்பா இல்லை. அம்மா லூர்துமேரி மண்டியில் மல்லாட்டை உடைக்கிற வேலைக்குப் போவார்.

ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. பக்கத்துக்கு எட்டுப் பேர் குனிந்து, எதிராளிகளோடு தலையும் தோளும் கோத்துக்கொண்டு தள்ளுவார்கள். முன்வரிசையில் வலது ஓரத்தில் நிற்கிறவன் கழுத்தில்தான் பெரும் பாரமும் இறங்கும். அந்த இடம் ஐந்தாறு வருஷம் என்னுடையதாக இருந்தது. பிறகு மெல்ல மெல்ல அலெக்ஸுடையதாக ஆனது. அவன் என்னைவிட நன்றாக ஆடினான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

இதுவரை எழுதியதை மலரில் போட்டுக்கொள்ளலாம். இனி எழுதுவதை என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

2005இல் கொழும்பிலிருந்து ஒரு கிளப் சம்பளத்துக்கு ஆள் எடுக்க வந்தது. முன்வரிசைக்கு ஒரே ஆள். சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள். ஆட்டத்தில் அலெக்ஸ், பெஞ்சில் நான். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இருபத்தைந்து வயதில் இதை விட்டால் மறுபடி மூட்டைதான். ஆனால் அவன் மேல் கோபம் இல்லை. கோபத்தில் செய்திருந்தால் இத்தனை நிதானமாகச் செய்திருக்க முடியாது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, பெஞ்சில் இருக்கிறவன் மருந்துப் பெட்டியையாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று என்னை முதலுதவி வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். அணியில் அந்த வகுப்புக்குப் போனவன் நான் ஒருவன்தான். அம்பிகா என்று ஒரு டாக்டர் பாடம் எடுத்தார். "கழுத்துல அடிபட்டவர் கை மரத்துப்போகுதுன்னு சொன்னாலோ, தலையைக் கையால தாங்கிக்கிட்டு வந்தாலோ, உள்ளே எலும்பு உடைஞ்சிருக்கலாம். நடப்பார், பேசுவார், நம்பிடாதீங்க. தலையை அசைய விடாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டு அடிக்கோடும் போட்டேன்.

புதன்கிழமை பயிற்சியில் ஸ்க்ரம் சரிந்து அலெக்ஸ் தலைகுப்புற விழுந்தான். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுச் சிரித்தான். அது நான் செய்ததல்ல. எது என்னுடையது, எது இல்லை என்பதில் நான் கவனமாக இருக்கிறேன்.

அன்று இரவே இருவரும் சென்னையிலிருந்து ஊர் திரும்பியிருந்தோம். மறுநாள் காலை அவனும் அம்மாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தைப் பிடித்துக்கொள்வதுபோல இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"புடிச்சிக்கிச்சிண்ணா. கையெல்லாம் ஊசி குத்துறாப்பல இருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போனா கோச்சுக்குத் தெரிஞ்சிபூடும், சனிக்கிழம எறக்க மாட்டாங்க. நீ ஒண்ணு வுட்டின்னா சரியாப்பூடும்" என்றான்.

"ஜல்தியாப் பாரு தம்பி. புள்ள ராவெல்லாம் தூங்கல" என்றார் லூர்துமேரி.

அம்பிகா டாக்டர் சொன்னது வரி வரியாக ஞாபகம் வந்தது. நோட்டு அலமாரியில்தான் இருந்தது, எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பாயை விரித்தேன். அலெக்ஸ் மெதுவாகக் குப்புறப் படுத்து, கையை எடுத்துவிட்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டான். கழுத்துப் பிடிப்புக்குப் பிடரியில் குதிகாலால் மூன்று முறை தட்டுவது வழக்கம். அன்று ஒன்றே போதுமானதாக இருந்தது.

"என் காலு எங்கண்ணா?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். கதவுப் பலகையைக் கழற்றி அவனை அதில் கிடத்தினோம். வேனில் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரி போகும்வரை, தலை ஒரு நூல்கூட அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தேன். கை மரத்துப்போனது, விடவில்லை. அங்கே இருந்த டாக்டர், இவ்வளவு சரியாகக் கொண்டுவந்தது யார் என்று விசாரித்து என்னைப் பாராட்டினார். பயிற்சியில் விழுந்தான் என்று நான் சொன்னேன். அது உண்மை. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

வராந்தாவில் லூர்துமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நேத்தே உங்கிட்ட இட்டாந்திருக்கணும் தம்பி. நாந்தான் லேட் பண்ணிட்டேன்" என்றார். அப்படியெல்லாம் நினைக்காதீர்கள் என்று ஆறுதல் சொன்னேன்.

சனிக்கிழமை நான் ஆடினேன். கொழும்பில் ஏழு சீசன் ஆடினேன். ஸ்க்ரமில் என்னைப் பின்னால் தள்ளியவர்கள் குறைவு. இதையும் மலரில் போடலாம்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பிறகு ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். என் வாழ்க்கை வரலாறு என்று அச்சில் வரப்போகிறது, அதில் பிசகு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அலெக்ஸின் கழுத்து உடைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே உதைத்தேன். அவன் எழுந்திருக்கக் கூடாது என்றுதான் உதைத்தேன். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. மூன்று முறை உதைத்திருந்தால் செத்திருப்பான். யோசித்துப் பார்த்தால், அவன் இன்றைக்கு உயிரோடு இருப்பதில் எனக்கும் பங்கு உண்டு.

திரும்பி வந்த இந்த இரண்டு வருஷமாக, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அவனைப் புரட்டிப் படுக்கவைப்பேன், முதுகு துடைப்பேன். கழுத்துக்குக் கீழே அவனுக்கு எதுவும் தெரியாது. முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுவான், இப்போது என்னோடு பேசுவதே இல்லை. உடம்பு முடியாதவன், களைப்பாக இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது லூர்துமேரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பது வருஷமாக அத்தனை பெரிய உடம்பைத் தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது. "ஒரே பேஜாரா இருக்குது தம்பி. ஒண்ணு வுட்டுட்டுப் போ, புண்ணியமாப் போவும்" என்று சுவரில் கையை ஊன்றிக் குனிந்தார். நான் செருப்பைக் கழற்றினேன்.

அப்போது கட்டிலிலிருந்து அலெக்ஸ் பேசினான்.

"வேணாம்ண்ணா. எங்கம்மாவையாவது வுட்ருண்ணா."

அவன் கண்ணில் தண்ணீர் வந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவனால் துடைக்க முடியாது, நான்தான் துடைத்துவிட்டேன். இந்த நிலைமையிலும் எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறான் பாருங்கள், சார். என் மேல் அவனுக்கு அவ்வளவு பாசம்.