பரணிலிருந்து தெரிந்த வானம்

மந்தாரக்குப்பம் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஆன்டெனா வைக்க எங்க வீட்டுக்காரரு பரண்ல ஏறினாருக்கா. அங்கேருந்து வானம் தெரியுதாம்."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஆன்டெனாவ யாராச்சும் பரண்ல வைப்பாங்களா? மொட்டமாடி இல்ல?"

"அங்க வச்சா பிளாக்கே பாக்குமே. மைன்ஸ் குவார்ட்டர்ஸ் வேற ஒரு பர்மனென்ட்காரர் பேர்ல இருக்கு. இவரு கான்ட்ராக்ட். நாங்க குடியிருக்கறது வெளிய தெரிஞ்சா அன்னிக்கே காலி பண்ணணும். கேபிள்காரன் பேரு கேப்பான்னுதானே ஆன்டெனாவே வாங்கினோம்."

"அது சரி, வானம் எப்படித் தெரியும்?"

"தளம் விரிசல் வுட்டிருக்குக்கா. மழைக்கு ஒழுகறப்ப சாதாரண ஒழுக்குன்னு இருந்துட்டோம். இப்ப பாத்தா விரல் நுழையுதாம்."

"அடிப்பாவி! ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்கடி."

"இங்க யாரு இருக்கீங்கன்னுதானே மொதல்ல கேப்பாங்க?"

"படமாவது வருதா?" என்றாள் மூத்தவள்.

"நல்லா வருது. மைன்ஸ்ல வெடி வச்சா மட்டும் ஆடுது. பாப்பா டிவியப் பாத்துக்கினு இருக்கும். நாங்க ரெண்டு பேரும் மேல பாத்துக்கினு இருப்போம்."