பின்பக்கப் படி

டீ நல்லா இருக்குதுங்க. இஞ்சி தட்டிப் போட்டிருக்கீங்க போல. மொத தடவை நான் இங்க வந்தப்பவும் திருமாலண்ணன் இதே மாதிரிதான் டீ குடுத்தாரு.

என் பேரு வளர்மதி. போன மாசம் செத்துப்போன நல்லமுத்து என் தம்பி. குடிய விடணும்னு உங்ககூட இதே பெஞ்சுல உட்கார்ந்திருந்தவன். சாவுக்கு வந்தப்ப திருமாலண்ணன் தூணைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. "குடிக்கத் தோணுச்சுன்னா ஒரு போன் பண்ணுடான்னு சொல்லியிருந்தேனே, பண்ணாம போயிட்டானே"ன்னாரு. இன்னும் அதையே நினைச்சு சரியா சாப்பிடறதில்லைன்னு கேள்விப்பட்டேன். நல்ல மனுஷன். அவரு மனசு ஆறணும்னுதான் வந்தேன். இங்க ஒருத்தர் பேசறப்ப நடுவுல யாரும் பேச மாட்டாங்க, பேசினது வெளிய போகாதுன்னு தம்பி சொல்லியிருக்கான். அதுவும் ஒரு வசதிதான்.

தம்பிக்குப் பீங்கான் கம்பெனியில பொம்மைக்கு வர்ணம் தீட்டற வேலை. கை நடுங்க ஆரம்பிச்சதும், பொம்மைக்கு வைக்கோல் சுத்திப் பெட்டியில அடுக்கச் சொல்லிட்டாங்க. அவன் அடிக்கு பயந்து பொண்டாட்டி ஜெயஸ்ரீ ஸ்ரீமுஷ்ணத்துக்கு அவ அண்ணன் வூட்டுக்குப் போயிட்டா. அங்க அவளுக்கே எடம் பத்தாது. அப்பத்தான் பால் மறந்த மக கனிஷ்காவை என் மடியில போட்டு, "இவரு குடிய விட்ட அன்னிக்கு வந்துடறேங்க அண்ணி, அதுவரைக்கும் பாத்துக்குங்க"ன்னா. எனக்குக் குழந்தை குட்டி இல்ல. வூட்டுக்காரரும் இல்ல. தம்பியும் என் வூட்டுலதான் இருந்தான். கனிஷ்கா பேச ஆரம்பிச்சப்ப என்னைத்தான் அம்மான்னுச்சு. நான் திருத்தல.

இந்த வருஷம் டாக்டர் பயமுறுத்தினதும் தம்பிக்கு புத்தி வந்துச்சு. "ஊருக்குள்ள குடிய விட்டவங்க கூட்டம் ஒண்ணு நடக்குதாம்க்கா. கேக்க வெக்கமா இருக்குது. நீ விசாரிச்சுட்டு வாயேன்"ன்னான். வந்தேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், ஸ்கூலுக்குப் பின்பக்கப் படி ஏறி வரணும்னு திருமாலண்ணன் பொறுமையா சொல்லி அனுப்பினாரு. வூட்டுக்குப் போயி, கூட்டத்தை நெய்வேலிக்கு மாத்திட்டாங்களாம்டான்னு சொன்னேன்.

நெய்வேலியில பாவம் தெருத்தெருவாத் தேடியிருக்கான். திரும்பி வந்து, "எதுக்கும் ஒருவாட்டி இங்கேயே பாத்துடுவோம்க்கா"ன்னான். சனிக்கிழமை கூட்டிட்டு வந்து முன்பக்க கேட்டைக் காட்டினேன். பூட்டு தொங்குச்சு. அதை ஒருவாட்டி இழுத்துப் பாத்தான். "நமக்குக் குடுத்து வைக்கலக்கா"ன்னான். திரும்பி வர்ற வழியில பிராந்திக் கடை இருந்துச்சு. நான் தடுக்கல.

அப்புறம் ஒரு ஆட்டோக்காரர் சொல்லி அவனாவே படி ஏறி உங்ககிட்ட வந்துட்டான். கூட்டம் எங்கயும் மாறலைன்னு தெரிஞ்சும் என்மேல சந்தேகப்படல. "உனக்கு யாரோ தப்பா சொல்லிட்டாங்கக்கா"ன்னான்.

ஆடி, ஆவணி ரெண்டு மாசமும் தொடல. நடுக்கம் நின்னுச்சு. கம்பெனியில திரும்பவும் பிரஷ்ஷைக் கையில குடுத்தாங்க. கனிஷ்காவுக்கு ஒரு பீங்கான் கிளி கொண்டாந்தான், கண்ணு மூக்கெல்லாம் அவனே தீட்டினது. ஜெயஸ்ரீ வந்து பார்த்தா. "தீபாவளிக்குள்ள தனியா வூடு பாத்துடறோங்க அண்ணி. புள்ளையோட துணிமணியெல்லாம் எடுத்து வைங்க"ன்னா. நல்ல பொண்ணுதான். அவமேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. துணியை மடிச்சு வைக்க உட்கார்ந்தேன். முடியல.

மறுநாள் தெரிஞ்சவர்கிட்ட சொல்லி ஒரு பாட்டில் வாங்கினேன். தம்பி படுக்கற பாய்கிட்ட, தண்ணிச் சொம்புக்குப் பக்கத்துல வச்சேன். வாயில ஊத்தல. மூடியைக்கூடத் திறக்கல. இனிமே குடிச்சா ரத்த வாந்திதான், ஆளு தங்காதுன்னு டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். ஆனா குடிக்கறதும் விடறதும் அவனவன் கையிலதான இருக்குது. நீங்களும் இங்க அப்படித்தான சொல்றீங்க.

வேலை முடிஞ்சு வந்தான். பாட்டிலைப் பாத்தான். யாரு வச்சதுன்னு கேக்கல. வாசலுக்கு வந்து நின்னான். "அக்கா, என் போன் எங்கக்கா? திருமாலண்ணன்கிட்ட பேசணும்." கம்பெனிக்குள்ள போன் கூடாதுன்னு அவன் அதை வூட்டுலதான் வச்சுட்டுப் போவான். பக்கத்து வூட்டுல சார்ஜ் போட்டேன்டா, அவங்க பூட்டிட்டுப் போயிட்டாங்கன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டான். "நம்பர் மனசுல இல்லியேக்கா"ன்னான். அப்புறம் கேக்கல. உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டான்.

அதனால திருமாலண்ணே, உங்கமேல தப்பு இல்ல. அவன் உங்களைக் கூப்பிடத்தான் பார்த்தான். நீங்க வேளைக்குச் சாப்பிடுங்க.

போன் கனிஷ்காவோட ஸ்கூலு பையில இருந்துச்சு. அப்பாகூட ஒரு விளையாட்டு, கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லி நான்தான் அவகிட்ட குடுத்து வச்சிருந்தேன். சொன்ன பேச்சு கேக்கற புள்ள. அவன் கேட்டுக்கிட்டு நின்னப்ப, பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டே உட்கார்ந்திருந்தா.

காரியம் முடிஞ்சு ஜெயஸ்ரீ தனியாத்தான் திரும்பிப் போனா. கனிஷ்கா என்கிட்டதான் இருக்கா. அன்னியிலேர்ந்து என்னை அம்மான்னு கூப்பிடல. யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடறதில்ல. அந்தப் பையைத் தொட மாட்டேங்கறா. புக்கையெல்லாம் கையிலயே அணைச்சு எடுத்துட்டுப் போறா. நேத்து புதுப் பை ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், அவளுக்குப் பிடிச்ச கலருல.

சின்னப் புள்ளதான. மறந்துடுவா.